முதலமடை: விசாவுக்கு அப்பால் இரண்டு கேட்

வெளிநாட்டுப் பயணிக்கு டெல்லி கதவைத் திறந்துவிட்டது. ஆனால் பரம்பிக்குளத்தின் கதவு வேறு இடத்தில் இருக்கிறது. அதன் சாவியும் வேறு கைகளில்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ரயில் பாதையில், மலையடிவாரத்தில் ஒதுங்கி நிற்கிறது முதலமடை ஸ்டேஷன். பிளாட்பாரம் நெடுகப் பழைய ஆலமரங்கள். விழுதுகள் தொங்க, கிளைகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு, ரயிலுக்கே பந்தல் போட்டதுபோல் நிற்கின்றன. 2004இல் வெளியான பிரியதர்ஷனின் ‘வெட்டம்’ என்ற மலையாளப் படம் இந்த ஸ்டேஷனைக் கேரளம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. மீட்டர் கேஜ் காலத்தில் ராமேஸ்வரம் போகும் வண்டிகள் இவ்வழியே போயின. 2008இல் அகலப்பாதைப் பணிக்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். 2015இல்தான் மறுபடி ரயில் ஓடியது. ஏழு ஆண்டுகள் ரயில் வராதபோதும் மரங்களைப் பார்க்க ஆள் வந்துகொண்டிருந்தது.

முதலமடையின் இன்னொரு பெயர் ‘மாங்காய் நகரம்’. பருவம் ஒத்துழைத்தால் ஜனவரியிலேயே இங்கே காய் இறங்கத் தொடங்கிவிடும். நாட்டின் மற்ற மாந்தோப்புகள் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது, முதலமடையின் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் செந்தூரமும் பெட்டி கட்டப்பட்டு டெல்லிக்கும் மும்பைக்கும் லாரி ஏறும். வளைகுடா நாடுகளுக்கும் போகும். தோப்பில் வேலை செய்பவர்களிலும் பெட்டி அடிப்பவர்களிலும் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கும் இந்த ஊருக்குக் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிதான் எல்லை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. பேச்சுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் கல்யாண உறவுக்கும் இந்த எல்லை ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை.

குறுக்கே நிற்பது வேறொரு விஷயத்தில். முதலமடை கிராமப் பஞ்சாயத்தின் வரைபடத்தைப் பார்த்தால், அதன் பெரும் பகுதி மாந்தோப்பு அல்ல, காடு. புகழ்பெற்ற பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இந்தப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்தின் வாசலிலிருந்து பரம்பிக்குளத்துக்குக் கேரளத்தின் வழியாகவே பஸ்ஸில் போய்ச் சேர முடியாது. கோவிந்தாபுரத்தில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை என்று சுற்றி, டாப்ஸ்லிப் மலை ஏறி, ஆனப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் இறங்க வேண்டும். சொந்தப் பஞ்சாயத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக அடுத்த மாநிலம் வழியாகத்தான் பாதை.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு விசாவை எளிதாக்கினால் சுற்றுலா பெருகும், டாலர் குவியும் என்று பேசுபவர்கள் ஒரு முறையாவது இந்தப் பாதையில் பயணம் செய்ய வேண்டும். நாட்டின் வாசலுக்கும் ஊரின் வாசலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

மூன்று நாளில் விசா

ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி பரம்பிக்குளத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு முன் என்றால் இந்தியத் தூதரகத்துக்கு பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் விண்ணப்பித்து, கார்டில் கட்டணம் செலுத்தினால், பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் அனுமதி மின்னஞ்சலில் வந்துவிடும். இறங்குவதற்குக் கொச்சி இருக்கிறது. மின்னணு விசாவை ஏற்கும் விமான நிலையங்களில் கோவையும் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து பொள்ளாச்சி ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

இந்த நிலைக்கு வர இந்தியா எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல. 2008 மும்பைத் தாக்குதலுக்கு முன்னோட்டம் பார்க்க டேவிட் ஹெட்லி பலமுறை இந்தியா வந்துபோனது தெரிந்ததும், 2009 இறுதியில் ஒரு விதி வந்தது. சுற்றுலா விசாவில் வந்து திரும்பியவர் மறுபடி நுழைய இரண்டு மாதம் இடைவெளி விட வேண்டும் என்பதே அது. கேரளத்தைப் பார்த்துவிட்டு இலங்கைக்குப் போய், சென்னை வழியாக ஊர் திரும்பத் திட்டமிட்டவர்களை இந்த விதி முழிக்க வைத்தது. தென்னிந்தியச் சுற்றுலாத் தொழில் புலம்பித் தீர்த்தது. 2012 இறுதியில்தான், ஒருசில நாட்டவருக்குத் தவிர, மற்றவர்களுக்கு அந்த விதி நீங்கியது.

அதே காலகட்டத்தில் இன்னொரு பக்கம் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தது. 2010 ஜனவரியில் ஜப்பான், சிங்கப்பூர், நியூசிலாந்து, பின்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாட்டவருக்கு வந்திறங்கியதும் விசா தரும் முறை வந்தது. 2014 நவம்பரில் 43 நாடுகளுக்கு மின்னணு அனுமதி. அந்த முதல் பட்டியலில் இருந்த ஒன்பது விமான நிலையங்களில் கொச்சியும் திருவனந்தபுரமும் சென்னையும் இடம்பெற்றன. 2017இல் 30 நாள் தங்கும் காலம் 60 நாளாயிற்று. 2019இல் கட்டணம் குறைந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மந்த காலத்தில் 30 நாள் விசாவுக்குப் பத்து டாலர், ஐந்தாண்டு விசாவுக்கு 80 டாலர் என்று நிர்ணயித்தார்கள். இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளின் மக்கள் மின்னணு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

பலன் இருந்ததா? இருந்தது. 2014இல் இந்தியா வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 77 லட்சம் பேர். 2019இல் ஒரு கோடியே 9 லட்சம். அந்த ஆண்டில் சுற்றுலா ஈட்டிய அந்நியச் செலாவணி சுமார் 3,000 கோடி டாலர். இந்த வளர்ச்சிக்கு விசா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2019இல் வந்தவர்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்தவர். அவர்களில் பலர் சிகிச்சைக்கும் உறவினரைப் பார்க்கவும் வந்தவர்கள். இருந்தாலும் வாசலில் காத்திருக்கும் நேரம் குறைந்தால் வருபவர் தொகை கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

திறந்த கதவு மூடவும் செய்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா சுற்றுலா விசாக்களும் நிறுத்தப்பட்டன. 2021 நவம்பரில்தான் முழுமையாக மறுபடி வழங்கத் தொடங்கினார்கள். முதல் ஐந்து லட்சம் பேருக்கு விசா இலவசம் என்ற அறிவிப்பும் வந்தது. ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்கு மின்னணு விசா 2022 டிசம்பர் வரை கிடைக்கவில்லை. கேரளத்துக்கு அதிகம் வரும் வெளிநாட்டவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள். லண்டனுக்கும் டெல்லிக்கும் இடையிலான மனக்கசப்புக்குப் பொள்ளாச்சி டாக்ஸி டிரைவரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கனடாவுடன் தகராறு வந்த 2023 செப்டம்பரிலும் இதே கதை. இரண்டு மாதம் கழித்துத்தான் அது சீரானது.

2024இல் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. இன்னும் 2019ஐத் தொடவில்லை. அதே ஆண்டில் தாய்லாந்துக்குப் போனவர்கள் மூன்றரைக் கோடி. அந்த நாடு 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களையே விசா இல்லாமல் அழைக்கிறது. கேரளத்தின் கணக்கு இன்னும் கவலை தருவது. 2019இல் 11.89 லட்சம் வெளிநாட்டவர் வந்த மாநிலத்துக்கு 2024இல் வந்தவர்கள் 7.38 லட்சம். உள்நாட்டுப் பயணிகளோ இரண்டு கோடியைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே விசாவை இன்னும் எளிதாக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. கட்டணமும் கால அளவும் அடிக்கடி மாறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிதான் சேத்துமடையில் தொடங்குகிறது.

சீட்டு மேல் சீட்டு

சேத்துமடையில் முதல் கேட். இது தமிழ்நாடு வனத்துறையின் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்கு உரியது. இங்கே ஆளுக்கும் வண்டிக்கும் சீட்டு. பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் டாப்ஸ்லிப். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் இது. மொட்டையடிக்கப்பட்ட இந்தக் காட்டை மறுபடி தேக்கங்காடாக வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை பக்கத்தில் இருக்கிறது. டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் ஆனப்பாடியில் இரண்டாவது கேட். இது கேரள வனத்துறையுடையது. இங்கே மறுபடி சீட்டு. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். வழிகாட்டி ஒருவர் வண்டியில் ஏறிக்கொள்வார், அல்லது வனத்துறை வண்டியில் நாம் ஏறிக்கொள்ள வேண்டும். நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது. இருட்டியபின் நடமாட முடியாது.

பெர்லினிலிருந்து இந்தியாவுக்குள் நுழைய ஒரு அனுமதி போதும். இந்தியாவுக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் போக இரண்டு அனுமதி. இந்த இரண்டு கேட்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனி நேரம், தனித்தனி முன்பதிவு. ஒன்று மூடியிருக்கிறதா என்பது இன்னொன்றில் பதிவு செய்தவருக்குத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. கோடையில் காட்டுத் தீ அபாயத்துக்காக ஒரு மாநிலம் கேட்டை மூடினால், மற்ற மாநிலத்தில் பணம் கட்டியவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டையும் கடந்து உள்ளே போனவர் ஏமாற மாட்டார். 643 சதுர கிலோமீட்டர் காப்பகம். 1973இல் சரணாலயமாகி, 2010இல் புலிகள் காப்பகம் என்ற அந்தஸ்து பெற்றது. சாலையோரம் காட்டெருமைக் கூட்டம் சாவகாசமாக மேய்கிறது. தூணக்கடவுக்கு அருகே கன்னிமாரா தேக்கு. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் வயது சொல்லப்படும் இந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து ஆறு பேர் கைகோர்க்க வேண்டும். மூன்று அணைகளின் நீர்ப்பரப்பு, தீவில் ஒரு தங்குமிடம், மரத்தின் மேல் வீடு. இவ்வளவும் இருந்தும் மூணாறின் சந்தடியோ ஊட்டியின் நெரிசலோ இங்கே கிடையாது.

இந்த அமைதியே அந்தக் கேட்டுகளின் பலன்தான். உள்ளே விடும் வண்டிகளுக்குக் கணக்கு இருக்கிறது. வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் தங்குமிடப் பணியாளர்களாகவும் இருப்பவர்களில் பலர் காட்டுக்குள் வாழும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் சமூகத்தினர். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாகப் பயணியின் பணத்தில் ஒரு பகுதி அவர்கள் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது. தேன் சேகரித்தவர்களும் மூங்கில் வெட்டியவர்களும் இன்று பறவையின் பெயரைப் பயணிக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆளைக் குறைத்து விடுவதால் வருமானம் குறைந்துபோகும் என்ற வாதத்துக்குப் பரம்பிக்குளம் ஒரு பதில். வருபவர் குறைவாக இருந்தாலும் அவர் ஒரு நாளாவது தங்குகிறார், சம்பளம் உள்ளூரிலேயே தங்குகிறது.

கேட் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை முதலமடையின் பக்கத்து ஊரே பார்த்துவிட்டது. 2023இல் நாட்டின் அழகான கிராமங்கள் என்று சமூக வலைத்தளங்களில் ஒரு பட்டியல் சுற்றியது. அதில் கொல்லங்கோடு இடம்பெற்றது. அதன்பின் வார இறுதிகளில் வயல் வரப்புகளில் கார்கள் வரிசை கட்டின. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். நெல் விளைவிக்கும் விவசாயிக்கு மிஞ்சியது மிதிபட்ட வரப்பு.

தமிழ்நாட்டு மலைகள் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றுக்கொண்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 நவம்பரில் பரம்பிக்குளத்துக்கு அடுத்த மலையான வால்பாறைக்கும் வந்துவிட்டது. விசா என்ற பெயர் இல்லையே தவிர, இதுவும் ஒரு விசாதான். நாட்டின் வாசலில் விண்ணப்பம் சுருங்கிக்கொண்டே வர, மலையின் வாசலில் விண்ணப்பம் புதிதாக முளைக்கிறது. இரண்டும் முரண்பட்டவை என்று நினைக்கத் தேவையில்லை. யாரை விடுவது என்பதை விமான நிலையம் முடிவு செய்யலாம். எத்தனை பேரைத் தாங்க முடியும் என்பது மலைக்குத்தான் தெரியும்.

உள்ளே இருப்பவருக்கு என்ன வழி?

பயணிக்கு இந்த இரண்டு கேட் ஒரு நாள் சங்கடம். பரம்பிக்குளத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது வாழ்நாள் சங்கடம்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, சாதிச் சான்றிதழ் வாங்க, பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போக, பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சேர என்று எந்த வேலைக்கும் காட்டுக்குள் இருப்பவர் தமிழ்நாட்டு வழியாகவே இறங்கி வர வேண்டும். முதலமடைக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. வருகிற பஸ்ஸைத் தவறவிட்டால் இரண்டு நாள். கேரள வாக்காளர், கேரளப் பஞ்சாயத்து, கேரள ரேஷன் கடை. ஆனால் வழி மட்டும் அடுத்த மாநிலத்தின் தயவு.

அந்தத் தயவு எவ்வளவு மெல்லியது என்பது 2020இல் தெரிந்தது. வெளிநாட்டவரின் விசாவை டெல்லி நிறுத்திய அதே மார்ச் மாதத்தில் மாநில எல்லைகளும் அடைபட்டன. ஜெர்மன் தம்பதிக்கு ஒரு சுற்றுலா ரத்தாயிற்று. பரம்பிக்குளத்துக் குடியிருப்புகளுக்குச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழியே ரத்தாயிற்று.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், காந்தி ஜெயந்தியன்று, காப்பகத்துக்குள் இருக்கும் தேக்கடி குடியிருப்புகளின் பழங்குடி மக்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இது இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி அல்ல, முதலமடைப் பஞ்சாயத்தின் தேக்கடி. மலையடிவாரத்தில் உள்ள செம்மணாம்பதிக்குக் கேரள மண்ணிலேயே ஒரு பாதை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அரசு வெட்டித் தராத பாதையைத் தாங்களே வெட்டத் தொடங்கினார்கள்.

வனத்துறைக்கு அதில் தயக்கம் இருந்ததற்குக் காரணமும் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் ஒரு சாலை போட்டால் நாளை அதுவே ரிசார்ட்டுக்குப் போகும் சாலையாக மாறிவிடும் என்ற பயம் பொய்யல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படி நடந்த இடங்கள் உண்டு. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். கிராம மக்களுக்கான பாதை வேறு, சுற்றுலாவுக்கான பாதை வேறு என்று சட்டத்துக்கே தெரிகிறது.

தேக்குக்குக் கேட் இல்லை

இந்தக் காட்டிலிருந்து வெளியே போன மற்ற எதற்கும் இவ்வளவு சிரமம் இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. நூறு ஆண்டுகளுக்கு முன் பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானத்தின் காடு. இங்கே விளைந்த தேக்கையும் ஈட்டியையும் கொண்டுபோவதற்காகச் சமஸ்தானம் ஒரு ரயிலே விட்டது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கி.மீ. ஓடிய கொச்சி வன டிராம்வே 1907இல் முழுமையடைந்தது. மலைச்சரிவில் பாரம் ஏற்றிய வண்டி இறங்கும் கனத்தாலேயே காலி வண்டியை மேலே இழுக்கும் ஏற்பாடு. மரம் சாலக்குடி வந்து, அங்கிருந்து கொச்சித் துறைமுகம் போய், கப்பல் ஏறியது. பின்னாளில் டிராம்வே மூடப்பட்டது. அன்று மரத்துக்கு இருந்த கேரள வழி இன்று மனிதருக்கு இல்லை.

அடுத்துத் தண்ணீர். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் இருப்பது கேரளத்தில். பராமரிப்பது தமிழ்நாடு நீர்வளத் துறை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்படி தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, மின்சாரம் கொடுத்து, கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களில் பாய்கிறது. பதிலுக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர் பகுதிக்குத் தரப்பட வேண்டும். 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. பங்கீட்டில் அவ்வப்போது சச்சரவு வந்தாலும், இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேச ஒரு கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் ஒரு மதகு உடைந்து வெள்ளம் மேற்கே பாய்ந்தபோது, இரண்டு மாநில நிர்வாகங்களும் ஒரே இரவில் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தது. தண்ணீருக்கு இரு மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு வாரியம் இருக்கிறது. அதே மலையில் ஏறி இறங்கும் மனிதருக்கு அப்படி ஒன்று இல்லை.

மாம்பழத்தின் கதையும் பார்க்கத் தகுந்தது. மாம்பழத்துக்கும் விசா உண்டு. பூச்சி இல்லை, நோய் இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அது அயல்நாட்டில் இறங்க முடியாது. 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தில் பழ ஈ இருந்ததாகச் சொல்லி ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. இந்தியா ஏற்றுமதிச் சோதனையைக் கடுமையாக்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தடை நீங்கியது. வெளியே போகும் பழத்துக்காகத் தரம், சோதனை, சான்றிதழ் என்று ஒரு ஏற்பாட்டைக் கட்டி எழுப்ப எட்டு ஒன்பது மாதம்தான் ஆயிற்று. தேவை என்று நினைத்தால் அரசு இயந்திரம் வேகமாகவும் ஓடும்.

தோப்பில் ஒரு இரவு

முதலமடைக்கு விசாவால் வரக்கூடிய லாபம் காட்டில் மட்டுமல்ல, தோப்பிலும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐரோப்பியப் பயணி குளிருக்குப் பயந்து தெற்கே வருகிறார். அதே மாதங்களில்தான் இங்கே காய் பறிப்பு உச்சத்தில் இருக்கிறது. மரத்தடியில் ஒரு இரவு தங்கி, பறிக்கும் காயைப் பார்த்து, மீங்கரை, சுள்ளியாறு அணைகளின் கரையில் நடந்து, மறுநாள் பரம்பிக்குளம் போவது என்ற ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 2017இல் அமைந்த கேரளப் பொறுப்புச் சுற்றுலா மிஷன் செய்ய விரும்புவதும் இத்தகைய வேலைதான்.

தடைகள் சின்னச் சின்ன வடிவில் வருகின்றன. வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நட்சத்திர ஹோட்டலுக்கு இது ஒரு குமாஸ்தாவின் வேலை. தோப்பு வீட்டுக்காரருக்குத் தலைவலி. வந்தவருக்கு அரசு மூன்று நாளில் விசா தருகிறது. விருந்தளிப்பவர் அந்தப் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பக் கற்றுத்தர மட்டும் ஆளில்லை. ஆகவே வெளிநாட்டவர் தொல்லையே வேண்டாம் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். டாலர் நகரத்து ஹோட்டலிலேயே நின்றுபோகிறது.

இன்னொன்று தோப்பின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் முதலமடைத் தோப்புகளில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் இந்த ஊருக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடைசெய்தது. குத்தகைக்கு எடுத்தவர் ஒரு பருவ லாபத்துக்காக மருந்து அடிக்கும் தோப்பில் விருந்தினரை உட்காரவைக்க முடியாது. விருந்தினர் வரட்டும் என்று விரும்பும் தோப்பு முதலில் தன் தொழிலாளிக்குப் பத்திரமான இடமாக வேண்டும்.

யார் பெயரில் கேட்?

விசா சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எப்போதும் ஒரு எண்ணிக்கையைத்தான் பேசுகிறார்கள். ஒரு கோடி வந்தார்கள், இரண்டு கோடி வர வேண்டும் என்று. முதலமடைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பரம்பிக்குளத்துக்கு இன்றைக்கு வருவதைப்போல் இரண்டு மடங்கு பேர் வந்தால் காடு தாங்காது. வருபவர் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் தங்கினால், அந்த இரண்டாம் நாளை முதலமடையில் கழித்தால், ஊர் தாங்கும், பிழைக்கவும் செய்யும். அதற்கு விசாவின் கால அளவும் கட்டணமும் உதவும். ஆனால் கடைசி இரண்டு கேட்டும் சேர்ந்து உதவினால்தான்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. சேத்துமடைக்கும் ஆனப்பாடிக்கும் ஒரே சீட்டு, ஒரே முன்பதிவு, இரண்டு மாநிலத்துக்கும் பங்கு. தண்ணீருக்கு வாரியம் வைத்த இரண்டு அரசுகளால் இதுவும் முடியும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்ற உச்சவரம்பு மட்டும் ஒருபோதும் தளரக் கூடாது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காட்டுக்குள் வாழ்பவர் எந்த நேரத்திலும், எந்தத் தொற்று நோய்க் காலத்திலும், யாருடைய தயவும் இல்லாமல் தன் பஞ்சாயத்துக்கு வந்துபோக எழுத்துப்பூர்வமான உரிமையும், அவர் கேட்கும் அந்தச் செம்மணாம்பதிப் பாதையும். விருந்துக்கு ஆளை அழைக்கும் வீட்டில், வீட்டுக்காரர் வாசலில் நின்று அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது.

கொச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் முத்திரை விழ இப்போது சில நிமிடம்தான் ஆகிறது. தேக்கடி குடியிருப்பின் முதியவர் ஒருவர் பென்ஷன் விஷயமாக முதலமடைக்குப் போய்த் திரும்ப இன்னமும் ஒரு நாள் முழுவதும் ஆகிறது. இந்த இரண்டாவது கணக்கு எந்தச் சுற்றுலாப் புள்ளிவிவரத்திலும் சேர்வதில்லை.